விளக்குக்குக் கட்டிய பாவாடை

அக்கா,

காலையிலிருந்து வீடெல்லாம் கருகிய பட்டு வாசனை. அடுப்பில் எதுவும் தீயவில்லை. அலமாரி மேல் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்த உங்கள் விளக்கு ஷேடைக் கீழே இறக்கி, சணல் கயிற்றை அறுத்துத் தாளை விலக்கினேன். அவ்வளவுதான். பூந்திக்கொட்டையும் பழம்பட்டும் பல்புச் சூட்டில் வெந்த தூசியும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கில் ஏறிவிட்டது. வராந்தாவில் ரேடியோவோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், உங்கள் கொழுந்தனார்கூட, "என்னட்டி தீயுது?" என்று இருமிக்கொண்டே கேட்டார். "ஒண்ணும் தீயல. உங்க மதினி வந்திருக்காவ" என்றேன். அதற்குப் பிறகு அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

இத்தனை வருஷம் தொடாததை இன்றைக்கு ஏன் தொட்டாய் என்று கேட்பீர்கள். நானாகத் தொடவில்லை. நேற்று உங்கள் வீட்டுக்காரர், பெரியத்தான் வந்தார்கள். கையில் உங்கள் மாம்பழக் கலர்ப் புடவை, மடிப்புக் கலையாமல், மேலே கொஞ்சம் பூ. "ஏ பிள்ள, அவ போயி வருசம் திரும்பப் போவுது. வெள்ளிக்கிழம படப்பு வச்சு இத நம்ம பெட்டியில சேத்துரு. இந்தக் குடும்பத்துல பொம்பளன்னு நீ ஒருத்திதான மிச்சம்" என்றார்கள். கொடுத்த காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. மனுஷன் பாதியாகிவிட்டார், அக்கா. அவர்களிடம் நான் என்ன சொல்ல முடியும்? சரி என்று தலையாட்டிவிட்டேன்.

நம்ம பெட்டி. சுமங்கலியாகப் போனவளின் புடவையையும், கன்னியாகப் போன பிள்ளையின் பாவாடை சட்டையையும் ஓலைப்பெட்டியில் வைத்துக் கும்பிடுவது நம் வீட்டு வழக்கம். இந்தத் தீவுக்கு வந்த பிறகு நாம் வைத்த பெட்டியில் இருப்பது என் வள்ளி ஒருத்திதான். அவள் பக்கத்தில் உங்களை வைப்பதா, வேண்டாமா? நேற்றிலிருந்து முருகனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாயே திறக்க மாட்டேன் என்கிறான். உங்கள் சுபாவம்தான் அவனுக்கும்.

நாம் கப்பலேறி வந்ததை நினைத்துப் பாருங்கள். மெட்ராஸ் ஹார்பர் கண்ணிலிருந்து மறைவதற்குள் எனக்குக் குடல் புரண்டுவிட்டது. கீழ்த்தட்டில் ஒரு ஓரமாகச் சுருண்டு கிடந்தேன். வள்ளியை வழி முழுக்க நீங்கள்தான் இடுப்பில் வைத்திருந்தீர்கள். சாத்தம் ஜெட்டியில் இறங்கியதும், "இந்தா, ஒம் மவளப் பிடி. இடுப்பு ஒடியுது" என்றீர்கள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். நீங்கள் கொடுக்கவில்லை. மேடு ஏறினோம், இறக்கம் இறங்கினோம், குவார்ட்டர்ஸ் வாசல் வரைக்கும் "இடுப்பு ஒடியுது, இடுப்பு ஒடியுது" என்று சொல்லிக்கொண்டே அவளை நீங்களே தூக்கி வந்தீர்கள். நான் உங்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்தேன்.

உங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை ஒரு நாளும் நான் சொல்லிக் காட்டியதில்லை. முருகனுக்குத் தெரியும். என் பிள்ளை உங்கள் மடியில் தூங்கியபோதும் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் இரண்டு அம்மா இருந்தால் பிள்ளைக்கு என்ன நஷ்டம்?

அந்தப் பாவாடையை நீங்கள்தான் தைத்தீர்கள். உங்கள் அம்மாவின் அரக்குப் பட்டு. நெஞ்சுப் பக்கம் கிழிந்துபோனதால் பெட்டியடியில் கிடந்தது. நல்ல பாகமாகப் பார்த்து எடுத்து, கீழே அகலச் சரிகை வருகிற மாதிரி வைத்து, இடுப்பில் கொசுவம் கொசுவமாகச் சுருக்கி, வளர்ந்தால் இறக்கிக்கொள்ளலாம் என்று சரிகைக்கு மேலே ஒரு மடிப்பும் வைத்தீர்கள். அவள் அதைக் கட்டிக்கொண்டு தட்டாமாலை சுற்றினால் குடை விரிகிற மாதிரி விரியும். அந்த மடிப்பைப் பிரிக்கும் வயது அவளுக்கு வரவில்லை. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள்.

பெட்டிக்குள் அந்தப் பாவாடையை மடித்து வைத்ததும் உங்கள் கைதான். பெட்டிக்குள் போன துணி சாமி துணி. அது தைத்தவளுக்கும் கிடையாது, பெற்றவளுக்கும் கிடையாது. தை வெள்ளியில் எடுத்து நிழலில் உலர்த்திச் சாம்பிராணி காட்டுவோம், திரும்ப வைப்போம். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கே சொல்லித் தந்தது நீங்கள்.

பிறகுதானே நம் குவார்ட்டர்ஸ் வரிசைக்குக் கரண்டு வந்தது. பெரியத்தான் பவர் ஹவுசில் வேலை பார்த்ததால் உங்கள் வீட்டில்தான் முதலில் பல்பு எரிந்தது. அந்த மொட்டைப் பல்பைப் பார்த்துக் கண் கூசுகிறது என்று எல்லாரும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். நீங்கள் பெரியத்தான் கொண்டுவந்த வெட்டுக் கம்பியில் இரண்டு வளையம் வளைத்து, மேலே சின்னது, கீழே பெரியதாக நிறுத்தி, நடுவில் கம்பிகள் கொடுத்து, எல்லாவற்றுக்கும் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றினீர்கள். ஊசி இறங்க இடம் வேண்டும் என்று. அதன்மேல் உங்கள் பழைய சுங்குடிப் புடவையைத் துண்டு துண்டாக வெட்டித் தைத்து மாட்டினீர்கள். சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம். பெரியத்தான் வாய் பிளந்து பார்த்துவிட்டு, "பல்புக்குப் பாவாட கட்டிட்டாடோய்!" என்று சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு குட்வில் எஸ்டேட்டில் உங்களைத் தெரியாத வீடு கிடையாது. பக்கத்து வங்காளி தீதி கிழிந்த சிவப்புக் கரைப் புடவையோடு வந்தாள். மலையாளத்து டீச்சர் மாமியாரின் கசவு முண்டோடு வந்தார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் பட்டு லுங்கி கொண்டுவந்தார்கள். எல்லார் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் விட்டுவந்த ஊரின் துணி ஒன்று பூஞ்சை பிடித்துக் கிடந்தது. நீங்கள் ஒவ்வொன்றையும் பூந்திக்கொட்டை நுரையில் நனைத்து, நிழலில் காயவைத்து, ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து எங்கே நைந்திருக்கிறது என்று பார்ப்பீர்கள். கம்பிக்குக் கம்பி கணக்காக வெட்டுவீர்கள். துணிக்கு என்ன கலரோ அதே கலர் நூல். தையல் எங்கே ஓடுகிறது என்று தேடினாலும் தெரியாது. உசிரான பொருளை வெட்டுகிறாயே என்று தீதி ஒரு தடவை கண் கலங்கினாள். "ரோ மத் தீதி. பெட்டியில கெடந்து பூஞ்சை பிடிச்சுச் சாவுறதுக்கு வெளிச்சத்துல சாவட்டும்" என்றீர்கள். அழாதே என்பது மட்டும் இந்தி, மீதி தமிழ். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்குப் புரிந்தது. ஆனால் நம் பெட்டிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள் என்று அன்றைக்குப் புரியவில்லை.

உங்கள் கொழுந்தனாரைக் கார் நிக்கோபாருக்கு மாற்றினார்கள். ஜெட்டி வேலை. ஷிப் எப்போது வரும் என்று அங்கே இருக்கிறவர்களுக்கும் தெரியாது, இங்கே இருக்கிறவர்களுக்கும் தெரியாது. வயிற்றில் புண் வந்து, சோறு தங்காமல், ரத்தமாக வாந்தி எடுக்கிறார் என்று அங்கிருந்து வந்த ஒரு ஆள் சொன்னான். ஆபீசில் போய்ப் பெரியத்தான் நின்றார்கள். இன்றைக்கு வா, நாளைக்கு வா. நான் விரதம் இருந்தேன், மடிப்பிச்சை எடுத்தேன், கோயில் படியில் நெற்றி தேய விழுந்தேன். நீங்கள் மாற்றல் போடுகிற சாகிபின் வீட்டுக்குப் போனீர்கள்.

அந்த மேம்சாப் உங்கள் வீட்டுக்கே வந்தாளே, நினைவிருக்கிறதா? டெல்லிப் பக்கத்துக்காரி. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, நீங்கள் விரித்துப் போட்ட துணியையெல்லாம் விரல் நுனியால் தள்ளினாள். "நஹி, நஹி. ஏக்தம் காடா லால் சாஹியே. புரானா ரேஷம்" என்றாள். கெட்டிச் சிவப்பாக வேண்டும், பழைய பட்டாக வேண்டும், அவள் வராந்தாவுக்கு. "மிலேகா, மேம்சாப். ஜரூர் மிலேகா", கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டு, நீங்கள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். உனக்காகத்தான் இவ்வளவு குழைகிறேன் என்று சொல்கிறீர்களாக்கும் என்று நினைத்தேன். நன்றியாகக்கூட இருந்தது.

தை வெள்ளியில் பெட்டியைத் திறந்தேன். சட்டை இருந்தது. கண்ணாடி வளையல் இருந்தது. ரிப்பன் இருந்தது. பாவாடை இல்லை. செல்லரித்துவிட்டதோ என்று பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். பிறகு அதே வரிசையில் இருந்த உங்கள் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீங்கள் முற்றத்தில் கம்பி நிமிர்த்திக்கொண்டிருந்தீர்கள்.

"அக்கா, பெட்டியில பாவாடையக் காணல."

"நான்தான் எடுத்தேன்."

"எங்க வச்சிருக்கிய?"

"மேம்சாப் வீட்டு வராந்தாவுல தொங்குது."

"சாமி துணியவா எடுத்திய? பிள்ள துணியவா?"

"எங்கம்மா பொடவ. தச்சது எங் கையி. அங்க ஒம் புருசன் ரத்தம் ரத்தமாக் கக்குதான். நீ விளக்கப் பொருத்தி வச்சு அழுதுக்கிட்டு இருக்க. எனக்கு அழத் தெரியாது, ஒரு வேலையப் பாத்தேன்."

"ஒரு வார்த்த எங்கிட்ட கேக்கக் கூடாதா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

கம்பியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை நீங்கள். கொடுத்திருக்க மாட்டேன், அக்கா. இன்றைக்குக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை. கேட்டு, நான் மறுத்து, அதன்பிறகு நீங்கள் திருடியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். மறுக்கிற உரிமைகூட எனக்கு இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

கோயிலிலிருந்து திரும்புகிற மேட்டுப் பாதை அந்த பங்களாவை ஒட்டித்தான் போகிறது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வராந்தாவில் பல்பைப் போடுவார்கள். சிவப்பாக, கொசுவம் கொசுவமாக, கீழே சரிகை மின்ன, என் பிள்ளையின் பாவாடை அந்தரத்தில் நிற்கும். மேலே தலை இல்லை, கீழே கால் இல்லை. காற்றடித்தால் மெதுவாகச் சுற்றும். அந்த வழியாகப் போகக் கூடாது என்று நினைப்பேன். போகாத நாளில் அவள் தனியாக நிற்பாளே என்று தோன்றும். வேலி ஓரம் நின்று திருநீற்றை எடுத்து அந்தத் திசை பார்த்து ஊதிவிட்டு வருவேன். ஒருநாள் உள்ளே இருந்து அந்த மேம்சாப் பார்த்துவிட்டாள். "சுந்தர் ஹை நா?" என்று சிரித்தாள். அழகாயிருக்கிறதா என்று என்னைக் கேட்கிறாள், அக்கா. ஆமாம் என்று தலையாட்டினேன். என்ன செய்ய? அவர் இன்னும் கார் நிக்கோபாரில்தானே கிடந்தார்.

மாற்றல் வந்தது. ஷிப்பிலிருந்து அவரை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். எலும்பும் தோலுமாக இருந்தாலும் உயிரோடு வந்தார். ஜெட்டியில் எல்லாரும் அழுதார்கள். நீங்கள் மட்டும் ஜூட்டுப் பையில் இளநீர் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் நடந்ததைச் சொன்னபோது அவர் சொன்னது இதுதான்: "போனவ பாவாட பெட்டியில பத்திரமா இருக்கணும், இருக்கிறவன் அங்க கெடந்து சாவணும். அப்படித்தான?" நான் அப்படியா சொன்னேன்? என் வீட்டில் யாருக்கும் நான் சொன்னது காதில் விழவில்லை. நீங்கள் கெட்டிக்காரி, நான் பைத்தியக்காரி என்று ஆகிவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டும்போதெல்லாம் அந்தச் சிவப்பு வெளிச்சம் என் கண்ணில் நிற்கும். புருஷன் பிழைத்ததற்கு முழு மனசாகச் சந்தோஷப்படக்கூட என்னை நீங்கள் விடவில்லை.

அதன்பிறகு நாம் பேசாமல் இல்லை. ஷிப் வந்துவிட்டதா, ராஷனில் பருப்பு போடுகிறார்களா, தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று பேசினோம். ஊரார் பார்த்தால் ஒற்றுமையான ஓரகத்திகள். உங்கள் வீட்டுக் குழம்பு என் வீட்டுக்கு வரும், என் வீட்டுக் கொழுக்கட்டை உங்கள் வீட்டுக்குப் போகும். பெட்டி திறக்கிற அன்றைக்கு மட்டும் உங்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தத் தை வெள்ளியில் மட்டும் உங்கள் வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கும்.

அந்த சாகிப் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போனபோது, வழக்கம்போலச் சாமான்களை விற்றும் கொடுத்தும் தீர்த்தார்கள். நீங்கள் ஒரு மத்தியானம் இந்த ஷேடைக் கையில் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றீர்கள். "ஷிப்புல ஏத்த மாட்டாங்களாம். கேட்டு வாங்கியாந்தேன்."

"இனி எதுக்கு? வெட்டினத ஒட்டவா முடியும்?" என்றேன். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். எனக்குத் தெரியும், திறந்தீர்கள். பிறகு, "அடுப்புல பருப்பு கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எறிந்தால் பாவம், பெட்டியில் வைத்தால் அதைவிடப் பாவம். நான் அதைப் பார்க்கக்கூட இல்லை. தாளைச் சுற்றி, கயிற்றைக் கட்டி, அலமாரி மேல் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என்ன கேட்டீர்கள்? மற்றவர்கள் தண்ணீர் கேட்பார்கள், சாமியைக் கூப்பிடுவார்கள். நீங்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அதப் பிரிச்சுப் பாத்தியாட்டி?" என்றீர்கள். "பிரிக்க அதுல என்ன இருக்கு? பேசாமக் கெடங்க" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டீர்கள்.

இன்றைக்குப் பிரித்தேன்.

அதில் நீங்கள் எதையும் வெட்டவில்லை. எத்தனை ஷேடு செய்தீர்கள், எல்லாவற்றிலும் கம்பிக்குக் கம்பி வெட்டின உங்கள் கத்தரி இதில் ஒரு இடத்தில்கூடப் படவில்லை. இடுப்புப் பட்டியை மேல் வளையத்தில் இழுத்துச் சுற்றி, சரிகையைக் கீழ் வளையத்தில் நிறுத்தி, முழுப் பாவாடையையும் அப்படியே கட்டியிருக்கிறீர்கள். தையலும் உங்கள் தையல் இல்லை. தையல்காரன் மெஷினில் ஓட்டுவதற்கு முன்னால் போட்டுப் பார்ப்பானே, அந்த ஓட்டுத் தையல். பெரிது பெரிதாக, உள்பக்கமாக, சிவப்புத் துணியில் வெள்ளை நூல். எங்கே இழுத்தால் கழன்றுவிடும் என்று குருடிக்கும் தெரிகிற மாதிரி. ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், நூல் முழுக்கக் கையோடு வந்துவிட்டது. திருப்பிக் கொண்டுவந்து வைப்பதற்கென்றே தைத்திருக்கிறீர்கள்.

பார்த்ததும் மனசு இளகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இளகவில்லை. வயிறு எரிகிறது. வெட்டலட்டி, முழுசா இருக்கு என்று சொல்ல உங்களுக்கு எத்தனை மூச்சு செலவாகியிருக்கும்? முற்றத்தில் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்றபோது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியிலாவது சொல்லியிருக்கலாம். நீயே கண்டுபிடி என்று விட்டுவிட்டீர்கள். அவ்வளவு வீம்பு. நான் அந்த வேலி ஓரம் நின்ற நாளெல்லாம் என் பிள்ளையைத் துண்டு துண்டாகப் பார்த்தேனே, அதற்கு யார் பதில் சொல்வது?

முழுசாகவும் எங்கே இருக்கிறது? பல்பின் சூட்டில் இடுப்புப் பட்டி காப்பிக்கொட்டை மாதிரி வறுபட்டிருக்கிறது. விரல் பட்டால் உதிர்கிறது. சரிகை உப்புக் காற்றில் கறுத்துவிட்டது. அந்த வளர்த்தி மடிப்பு மட்டும் பிரியாமல் இருந்தது. நகத்தால் லேசாக விலக்கிப் பார்த்தேன். உள்ளே, வெளிச்சம் படாத இடத்தில், நீங்கள் தைத்த அன்றைக்கு இருந்த அதே அரக்குச் சிவப்பு. உங்கள் கொழுந்தனார் உள்ளே வந்து, பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். "முழுசாத்தான் இருக்கு, பாத்தியளா" என்றேன். "மதினி வெட்டுவாவன்னா நெனச்ச?" என்றார். இவருக்கும் தெரிந்திருக்கிறதோ? கேட்டால் இருமுகிறார்.

நாளை வெள்ளிக்கிழமை. சர்க்கரைப் பொங்கலுக்கு அரிசி அளந்து வைத்தாயிற்று. பெரியத்தானை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். உருவி எடுத்த வெள்ளை நூலைச் சுற்றித் திருநீற்றுப் பையில் போட்டிருக்கிறேன். காலையில் திருநீறு எடுக்கும்போதெல்லாம் விரலில் தட்டும். தட்டட்டும். உங்கள்மேல் உள்ள கோபம் எனக்கு மறந்துபோகக் கூடாது.

பெட்டியில் உங்கள் மாம்பழப் புடவையைத்தான் முதலில் வைக்கப்போகிறேன். பழசாகி மெத்தென்று இருக்கிறது. அதன்மேல் அவளை வைப்பேன். உதிர்ந்துவிடாமல், அசங்காமல், இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு ஒடிகிறது என்று சொன்னாலும் நான் கை நீட்ட மாட்டேன்.